சாட்ஸ்வொர்த்ல வீடு தேடி வர்ற வார்டு ஹெல்த் டீம்: எங்க வீட்டு அனுபவம்

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு, கவர்மென்ட் கிளினிக்ல இருந்து வீட்டுக்கே ஆள் வந்து பிரஷர், சுகர் பாத்துட்டுப் போவாங்கங்கற விஷயமே தெரியலை. தெரிஞ்சவங்களும் "சும்மா கணக்கெடுக்க வர்றாங்க"ன்னு கேட்டைத் தொறக்காமலே திருப்பி அனுப்பிடறாங்க. பிரியாணிக் கடைக்கும் கார் சர்வீஸுக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதறோம், இதுக்கும் ஒருத்தர் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. நல்லதும் சொல்றேன், குறையும் சொல்றேன், கொஞ்சம் பெருசாதான் இருக்கும், பொறுமையா படிங்க.

என்னைப் பத்தி சுருக்கமா. எனக்கு வேலூர் பக்கம், ஜிஎன்எம் முடிச்சு ஊர்ல நர்ஸா வேலை பாத்தவ, கல்யாணம் ஆகி இங்க வந்தேன். வீட்டுக்காரர் குடும்பம் டர்பன்ல இந்தியர்கள் அதிகமா இருக்கற ஏரியாவான சாட்ஸ்வொர்த்லயே பொறந்து வளந்தவங்க, அவங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவரு. இங்க நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் முடியாததால இப்போதைக்கு நான் பேஷன்ட் வீட்டு ஆள் மட்டும்தான். ஆனா படிச்ச படிப்பு போகுமா, வர்றவங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னு கண்ணு தானா கவனிச்சுட்டேதான் இருக்கும்.

சர்வீஸ் என்னன்னு சொல்லிடறேன். 2011-ல சவுத் ஆப்பிரிக்கா அரசாங்கம் பிரைமரி ஹெல்த் கேரைப் புதுசா மாத்தி அமைச்சப்ப, வார்டுக்கு வார்டு அவுட்ரீச் டீம்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. ஒரு நர்ஸ் டீம் லீடர், அவங்களுக்குக் கீழ ஆறேழு கம்யூனிட்டி ஹெல்த் வொர்க்கர், ஆளுக்கு சுமார் 250 வீடு. டர்பன் இருக்கற குவாசுலு நட்டால் மாகாணத்துல இந்த வொர்க்கர்களை சிசிஜின்னு கூப்பிடுவாங்க, கம்யூனிட்டி கேர் கிவர். கர்ப்பிணி இருக்காங்களா, அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருந்தா ரோடு டு ஹெல்த் புக்ல தடுப்பூசி விட்டுப் போயிருக்கான்னு பாக்கறது, வீட்ல யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கான்னு டிபிக்காக விசாரிக்கறது, பிரஷர் சுகர் செக் பண்றது, மாத்திரை ஒழுங்கா எடுக்கறாங்களான்னு கேக்கறது, தேவைன்னா சீட்டு எழுதி கிளினிக்குக்கு அனுப்பறது, இதுதான் வேலை. மருந்து எழுதித் தர மாட்டாங்க, அதை எதிர்பார்க்காதீங்க. காசு எதுவும் கிடையாது, 1996-ல இருந்தே பொது கிளினிக்ல அடிப்படை வைத்தியம் இலவசம்தான்.

எங்க வீட்ல பேஷன்ட் என் மாமியார். எழுபது தாண்டியாச்சு, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு, பிடிவாதம் அதுக்கும் மேல. முதல் தடவை வந்தப்ப சிசிஜியும் டீம் லீடர் சிஸ்டரும் சேர்ந்து வந்தாங்க. உள்ள வந்ததும் சிஸ்டர் ஒரு நியூஸ்பேப்பரை டேபிள்ல விரிச்சு அதுமேல பையை வெச்சாங்க, பையைத் தொறக்கறதுக்கு முன்னாடி "கை கழுவ எங்க போகணும்"னு கேட்டாங்க, சொந்த சோப்பு, சொந்த டவல். அதைப் பாத்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஊர்ல கம்யூனிட்டி போஸ்டிங்ல எங்க மேடம் பேக் டெக்னிக்னு தலைதலையா அடிச்சுக்கிட்டு சொல்லிக் குடுத்தது அப்படியே இருக்கு. ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னுதான் இவ்வளவும், அவசரத்துல முதல்ல விட்டுப்போறதும் இதுதான். இவங்க விடலை.

பிரஷர் பாத்தாங்க, விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, சாக்ஸைக் கழட்டச் சொல்லி ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கு விடாம, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. குதிகால்ல ஒரு வெடிப்பு, அத்தைக்கு அது இருக்கறதே தெரியாது, வலிக்கவும் இல்லையாம். சுகர்காரங்களுக்கு வலி தெரியாததுதான் ஆபத்து, கால் புண்ணு அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரே வீட்ல இருக்கற நானே அத்தையோட பாதத்தை அதுக்கு முன்னாடி அப்படி உக்காந்து பாத்ததில்லை.

ஆனா நான் இந்த சர்வீஸை மனசார பாராட்டறதுக்குக் காரணம் அந்த சிசிஜி அம்மாதான். அவங்க ஜூலு, பாட்டில்பிரஷ்ல குடியிருக்காங்க, எங்க தெருவுக்கு மேல மேட்டுல இருக்கற தகர வீடுகள் பகுதி. பல வருஷமா எங்க ஏரியால நடமாடறவங்க. அத்தை மாத்திரை டப்பாவை எண்ணிப் பாத்துட்டு "நிறைய மிச்சம் இருக்கே"ன்னவங்க, சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்தாங்க, அத்தையைப் பாத்தாங்க, "ஆன்ட்டி, புரட்டாசி விரதமா?"ன்னு கேட்டாங்க. நான் அசந்துட்டேன். இங்க புரட்டாசி எவ்வளவு பெருசுன்னு டர்பன்காரங்களுக்குத் தெரியும், மாசம் பூரா கறி மீன் கிடையாது, சனிக்கிழமை அத்தை பொழுது சாய்ஞ்சு விளக்கேத்தற வரைக்கும் வெறும் வயிறு. அன்னிக்கு சுகர் மாத்திரையை விட்டுடறது, இல்லைனா "விட்டுப்போச்சே"ன்னு சாயந்தரம் ரெண்டு வேளையையும் சேத்துப் போடறது. ஒரு சனிக்கிழமை வேர்த்துக் கொட்டி கிறுகிறுன்னு வந்து சோபால சாஞ்சாங்களே, விரதக் களைப்புன்னு நாங்க விட்டோம். சிஸ்டர் உடனே சொல்லிட்டாங்க, சாப்பிடாம இருந்துட்டு சுகர் இறக்கற மாத்திரையைப் போட்டா லோ ஆகும், மயக்கம் வரும், தனியா இருக்கறப்ப வந்தா உயிருக்கே ஆபத்துன்னு. விரதத்தை விடுங்கன்னு சொல்லலை பாருங்க, அதுதான் முக்கியம். "விரத நாளைக்கு எந்த மாத்திரை, எப்ப, எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டு மாத்திக்கலாம்"னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. கிளினிக்ல டாக்டர் இத்தனை வருஷமா "ஆர் யூ டேக்கிங் யுவர் டேப்லெட்ஸ்"னு கேப்பாங்க, அத்தை "யெஸ் டாக்டர்"னு தலையாட்டுவாங்க, அதோட முடிஞ்சுது. காலண்டரைப் பாத்து புரட்டாசியான்னு கேக்கறதுக்கு அதே மண்ணுல வாழற ஒருத்தர் வேணும்.

இன்னொரு நல்ல விஷயம், பிரஷரும் சுகரும் கட்டுக்குள்ள வந்தப்புறம் டப்ளாப் மெட்ஸ்ல சேத்து விட்டாங்க. நிலையா இருக்கற பேஷன்ட் மாசா மாசம் கிளினிக்ல நாள் முழுக்கக் காத்துக் கிடக்காம பக்கத்துல இருக்கற பிக்கப் பாயின்ட்ல, பல இடத்துல அது பிரைவேட் பார்மசிதான், மாத்திரை பார்சலை வாங்கிக்கலாம். போனுக்கு மெசேஜ் வரும். 2014-ல இருந்து நடக்கற திட்டம், அத்தைக்கு அதைப் பத்தி ஒருத்தரும் சொன்னதில்லை.

இப்ப கேட்டுக்கு வரேன், கதவுல போட்டிருக்கற இரும்பு கேட்டுக்கு. சாட்ஸ்வொர்த்ல எந்த வீட்டைப் பாத்தாலும் பெரிய சுவரு, பர்க்லர் கேட், உள்ள ரெண்டு நாய். திருட்டு பயம், தப்பு சொல்ல முடியாது. சிசிஜிங்க வெய்யில்ல பையைத் தூக்கிட்டு வந்து மணி அடிச்சா ஜன்னல் திரையை விலக்கிப் பாத்துட்டு உள்ள போயிடுவாங்க. பாதி வீட்ல பகல்ல ஆளே கிடையாது, எல்லாரும் வேலைக்கு. ஆரம்பத்துல எங்க தெருவுல பத்து வீடு தட்டினா ரெண்டு மூணு தொறந்தாலே பெருசுன்னு அந்த அம்மா சொன்னாங்க. என்னதான் நல்ல திட்டம் போட்டாலும் கதவு தொறக்கலைனா என்ன பிரயோஜனம்.

அதை சரி பண்ணது கிளினிக் இல்லை, தெருக்காரங்கதான். கோயில் மகளிர் குழுவுல இருக்கற ஒரு ஆன்ட்டி, பேரு வேணாம், அவங்க எங்க வீட்ல நடந்ததைக் கேட்டுட்டு நெய்பர்ஹுட் வாட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் போட்டாங்க. இந்த வாரம் இந்தத் தெருவுக்கு இவங்க வர்றாங்க, இதுதான் அவங்க பேட்ஜ், நாயைக் கட்டுங்க, கிளினிக் கார்டை எடுத்து வைங்கன்னு. அது மட்டுமில்லை, முதல் ரவுண்டுக்கு அந்த ஆன்ட்டியே குடையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்தாங்க. தெரிஞ்ச முகம் வாசல்ல நின்னா எவங்க தொறக்க மாட்டாங்க? அதுக்கப்புறம் நிலைமையே மாறிடுச்சு, இப்பல்லாம் சில வீட்ல "எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க"ன்னு அவங்களே கேக்கறாங்க. கம்யூனிட்டி மொபிலைசேஷன்னு புத்தகத்துல ஒரு சாப்டரே படிச்சோம், லீடரைக் கண்டுபிடி, குழுவைக் கண்டுபிடி, அவங்க மூலமாப் போன்னு. அந்த ஆன்ட்டி அந்த சாப்டரைப் படிச்சதே இல்லை.

மேட்டுப் பக்கம் கதை வேற. அங்க கதவு தொறந்துதான் இருக்கும், ஆனா ஒரு சின்ன அறைல நாலஞ்சு பேர், காத்து போக்கு கிடையாது, தண்ணிக் குழாய் பொது. ஒருத்தருக்கு டிபின்னா கூட இருக்கற எல்லாரையும் செக் பண்ணணும், மாத்திரை ஆறு மாசம் விடாம எடுக்கணும், கொஞ்சம் தேறினதும் வேலைக்குப் போகணும்னு நிறுத்திடுவாங்க. அங்க அந்த அம்மா தினமும் பாக்கற முகம், அக்கம்பக்கத்துக்காரி, அதனால மாத்திரையை விட்டதை மறைக்காம சொல்றாங்களாம். ஒரே டீம், கீழ சுவர் வெச்ச வீட்டையும் மேல தகர வீட்டையும் பாக்குது, இந்த ஊர்ல அதுவே பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன், ஏன்னா இனம் பாத்து ஏரியாவைப் பிரிச்சு வெச்ச சட்டத்தாலதான் சாட்ஸ்வொர்த்னு ஒரு ஊரே உருவாச்சு.

இது ஏதோ வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ண ஐடியான்னு நினைக்காதீங்க, இந்த மாகாணத்துலயே பொறந்தது. அண்டர்பெர்க் போற வழியில புல்வர்னு ஒரு ஊர், அங்க பொலேலான்னு ஒரு ஹெல்த் சென்டர். 1940-ல சிட்னி கார்க், எமிலி கார்க்னு டாக்டர் தம்பதி அங்க வேலையை ஆரம்பிச்சாங்க, கூட எட்வர்டு ஜாலின்னு ஒரு மெடிக்கல் எய்டு, அவர் மனைவி அமேலியா ஜாலி, நர்ஸ். உள்ளூர் ஆளுங்களையே ஹெல்த் அசிஸ்டென்ட்டா பழக்கி வீடு வீடா அனுப்பி, யார் யார் இருக்காங்க, என்ன சாப்பிடறாங்க, குழந்தை ஏன் சாகுதுன்னு விசாரிச்சு, அதுக்கப்புறம்தான் என்ன பண்ணலாம்னு முடிவு பண்ணாங்க. சத்துக் குறைவுதான் பெரிய வியாதின்னு தெரிஞ்சதும் காய்கறித் தோட்டம் போட வெச்சாங்க, விதை வாங்க ஜனங்களே கூட்டா சேந்தாங்க. ஹென்றி க்ளக்மேன் தலைமையிலான கமிஷன் இதைப் பாத்துட்டு நாடு முழுக்க இப்படி சென்டர் வேணும்னு 1944-ல சிபாரிசு பண்ணுச்சு, ஆனா 1948-ல நிறவெறிக் கட்சியான நேஷனல் பார்ட்டி ஆட்சிக்கு வந்தப்புறம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா முடக்கிட்டாங்க. ஜாக் கெய்கர்னு ஒரு அமெரிக்க மருத்துவ மாணவர் 1950கள்ல பொலேலாவுக்கு வந்து கத்துக்கிட்டுப் போய் 1960கள்ல பாஸ்டன்லயும் மிசிசிப்பிலயும் ஹெல்த் சென்டர் தொடங்கினாரு. 1978-ல அல்மா-அட்டால நடந்த உலக பிரைமரி ஹெல்த் கேர் மாநாட்டுல, தங்களோட ஆரோக்கியத்தைத் திட்டமிடறதுல பங்கெடுக்க ஜனங்களுக்கு உரிமையும் கடமையும் இருக்குன்னு எழுதினாங்களே, அதை அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு மலை கிராமத்துல செஞ்சு பாத்துட்டாங்க. அப்ப முடக்காம விட்டிருந்தா இன்னிக்கு இந்த நாட்டோட நிலைமையே வேற மாதிரி இருந்திருக்கும்.

அடுத்து கிளினிக் கமிட்டி. 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட் படி ஒரு கிளினிக்குக்கோ, சில கிளினிக்குக்குச் சேத்தோ ஒரு கமிட்டி இருக்கணும், அதுல கவுன்சிலர், அந்த ஏரியா ஜனங்க, கிளினிக் தலைமை சிஸ்டர் எல்லாரும் இருக்கணும். இது இருக்கறதே தெரியாம எத்தனை பேர் கிளினிக் வாசல்ல நின்னு திட்டிட்டுப் போறாங்க. நான் போன கூட்டத்துல கவுன்சிலர் வரலை, பிளாஸ்டிக் சேர்ல கொஞ்சம் பேர்தான். டீம் லீடர் சிஸ்டர் வந்த நோக்கம், பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்டுக்கு ஆள் சேக்கறது, அது அவசியமான விஷயம்தான், போஸ்டரெல்லாம் ரெடியா கொண்டு வந்திருந்தாங்க. ஆனா பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "உங்களுக்கு என்ன கவலை"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு தாத்தா எழுந்து, "என் பேரன் சுகர்ஸ்"னாரு. அவ்வளவுதான், அப்புறம் அத்தனை பேரும் அதையே பேசினாங்க. தெரியாதவங்களுக்கு, சுகர்ஸ்ங்கறது ஹெராயின் கலந்த மலிவான போதை, இந்த ஏரியாவைப் பல வருஷமா அரிக்கற விஷயம், வீட்டு குழாயைக் கூட கழட்டி வித்துடுவாங்க பசங்க. ஒரு பாட்டி, பென்ஷன் பணத்தைப் பேரன் பிடுங்கிட்டுப் போறான், அதனாலதான் டாக்சி காசு இல்லாம கிளினிக்குக்கு வர முடியலைன்னு சொன்னாங்க. மாத்திரை வாங்க வராத பேஷன்ட்னு ரெஜிஸ்டர்ல எழுதியிருப்பாங்கல்ல, அதுக்குப் பின்னாடி இதுதான் காரணம்.

சிஸ்டர் போஸ்டரைச் சுருட்டி வெச்சுட்டு அன்னிக்கு முழுக்க கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. அடுத்த ஹெல்த் டேக்கு ஒரு சோஷியல் வொர்க்கரைக் கூட்டிட்டு வந்தாங்க, போதையில இருந்து மீட்க எங்க போகணும்னு பேச வெச்சாங்க. அந்த ஹெல்த் டேக்குதான் பெண்கள் டெஸ்டுக்கும் நிறைய பேர் வந்தாங்க, தங்க கவலையைக் கேட்டவங்க சொல்றதைக் கேப்போம்னு வந்தாங்க. ஃபெல்ட் நீட், அதாவது ஜனங்களே தங்களுக்கு வேணும்னு உணர்ற தேவைன்னு பரீட்சைக்கு எழுதின வார்த்தையை அன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன்.

ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்தறப்ப, இங்க போரிட்ஜ் பிரேயர்னு சொல்வாங்க, கோயில் வாசல்ல ஒரு கசீபோ பந்தல் போட்டு பிரஷர் சுகர் பாத்தாங்க. கூழ் வாங்கற வரிசையும் டெஸ்ட் வரிசையும் பக்கத்துல பக்கத்துல. கிளினிக் பக்கமே வராத ஆம்பளைங்க அங்க கையை நீட்டினாங்க, பொண்டாட்டி பின்னாடி நின்னா நீட்டித்தானே ஆகணும். எந்த நாள்ல வெச்சா ஜனம் வரும்னு முடிவு பண்ணது கோயில் கமிட்டி. இதே டீம் வேற ஒரு ஹால்ல வேலை நாள் காலைல வெச்ச கேம்ப்ல சேரெல்லாம் காலியா கிடந்துச்சு, அந்த தேதியை ஜனங்களைக் கேக்காம ஆபீஸ்ல குறிச்சாங்க.

இனி குறைகள், இதையும் சொல்லியே ஆகணும். முதல்ல, சீட்டு எழுதிக் குடுத்து கிளினிக்குக்கு அனுப்பறாங்க, அங்க ஒருத்தருக்கும் அந்த சீட்டைப் பத்திக் கவலை இல்லை. அத்தையோட சீட்டை ஒரு கவுன்டர்ல வாங்கி எங்கயோ வெச்சுட்டு, பழையபடி வரிசையோட கடைசிக்கு அனுப்பிட்டாங்க, விடியக்காலைல போயி மதியம்தான் டாக்டரைப் பாத்தோம். டாக்டர் என்ன மாத்தினாருன்னு சிசிஜிக்குத் திரும்பத் தகவல் போகவே இல்லை, அடுத்த தடவை அவங்க வந்து நம்மகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கறாங்க. வீட்டுக்குப் போறவங்களும் கிளினிக்ல இருக்கறவங்களும் ஒரே டீம்னு சொல்றதெல்லாம் பேப்பர்லதான். இதுல டர்பன்ல சில கிளினிக் முனிசிபாலிட்டி கையில, சில கிளினிக் மாகாணத்து கையில, எதுக்கு யாரைக் கேக்கணும்னு ஜனங்களுக்குப் புரியறதே இல்லை.

ரெண்டாவது சம்பளம். 2018-ல ஒப்பந்தம் போட்டு மாசம் 3,500 ராண்டுன்னு நிர்ணயம் பண்ணாங்க, கோவிட் வந்தப்ப வீடு வீடா ஸ்கிரீனிங்குக்கு முன்னாடி அனுப்பினதும் இவங்களைத்தான். ஜோகன்னஸ்பர்க் இருக்கற கவுதெங் மாகாணத்துல 2020-ல நிரந்தரம் பண்ணாங்க, மத்த மாகாணத்துல இதுக்காக இவங்க தெருவுல இறங்கிப் போராட வேண்டியிருந்துச்சு. எங்க ஏரியால நல்லா பழகின ஒரு பொண்ணு பக்கத்து சூப்பர் மார்க்கெட்ல கேஷியர் வேலை கிடைச்சதும் போயிட்டா, அந்தத் தெருவெல்லாம் மாசக்கணக்குல ஆளில்லாம கிடந்துச்சு. 250 வீட்டோட நம்பிக்கையை சம்பாதிச்ச ஒருத்தரை விட்டா, புதுசா வர்றவங்க மறுபடி முதல்ல இருந்து கேட்டைத் தட்டணும்.

மூணாவது, மெஷின். சில நாள் சுகர் ஸ்ட்ரிப் இருக்காது, சில நாள் பிரஷர் மெஷின்ல பேட்டரி செத்திருக்கும், அந்த அம்மா சொந்தக் காசுல பேட்டரி வாங்கினதை நானே பாத்தேன், மனசு கஷ்டமா இருந்துச்சு. நேரமும் பிரச்சினைதான், வேலைக்குப் போறவங்க வீட்டுக்கு சாயந்தரமோ சனிக்கிழமையோ வந்தாத்தானே பாக்க முடியும். கமிட்டில சொல்லியிருக்கோம், இன்னும் நடக்கலை.

ஊரோட ஒப்பிட்டுக் கேப்பீங்க. தமிழ்நாட்டுல விஹெச்என் அக்காவை, அதான் கிராம சுகாதார நர்ஸை, நம்ம சின்ன வயசுல இருந்தே தெரியும், 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் வேற வந்து வீட்லயே மாத்திரையைக் கையில குடுக்கறாங்க. மாத்திரை விஷயத்துல நம்ம ஊர்தான் மேல, இங்க சிசிஜி கையில மாத்திரை இருந்தா அத்தை மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு சௌகரியம். ஆனா கிளினிக்கை ஜனங்க உக்காந்து கேள்வி கேக்கற ஒரு கமிட்டி சட்டத்துல இருக்கு, கூப்பிட்டா நம்மளும் போய் உக்காரலாங்கறது எனக்கு இங்கதான் நேரடியா கிடைச்சுது. என் மார்க், வர்ற ஆளுங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, பின்னாடி இருக்கற ஏற்பாட்டுக்கு ரெண்டரை.

உங்க வீட்டுக்கு வரணும்னா என்ன பண்ணணும்: உங்க பக்கத்து கிளினிக்குக்குப் போய் எங்க தெருவுக்கு எந்த டீம், டீம் லீடர் சிஸ்டர் யாருன்னு கேளுங்க. எல்லா தெருவுக்கும் ஆள் இருக்காதுங்கறதும் உண்மை, இல்லைன்னு சொன்னா கமிட்டில யார் இருக்காங்கன்னு கேட்டு அவங்ககிட்ட சொல்லுங்க, கமிட்டியே இல்லைன்னா ஏன் இல்லைன்னு கவுன்சிலர் ஆபீஸ்ல கேளுங்க. வர்றவங்ககிட்ட பேட்ஜ் கேட்டுப் பாருங்க, தப்பா நினைக்க மாட்டாங்க. கிளினிக் கார்டு, பழைய சீட்டு, மாத்திரை டப்பா, ஊர்ல இருந்து கொண்டு வந்த நாட்டு மருந்து உட்பட எல்லாத்தையும் எடுத்து மேசைமேல வைங்க, மறைக்காதீங்க. விரதம் இருப்பீங்கன்னா அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. சீட்டு எழுதிக் குடுத்தாங்கன்னா கிளினிக்ல குடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, திரும்பி வந்ததும் டாக்டர் மாத்தினதையும் போட்டோ எடுத்து அடுத்த விசிட்ல காட்டுங்க, அவங்களுக்குள்ள தகவல் போற வரைக்கும் நம்மதான் கொண்டு போய் சேக்கணும். நாயைக் கட்டிப் போடுங்க, முடிஞ்சா குடிக்க தண்ணி குடுங்க, மேடு ஏறி வர்றாங்க.